பழைய லேப்டாப்புக்குச் சுமையில்லாத இலவச மெயில் மென்பொருள் எது?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொல்லில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 உள்ள லேப்டாப். மூன்று மெயில் கணக்குகள்: ஒரு ஜிமெயில், ஒரு அவுட்லுக், அலுவலகத்தில் கொடுத்தது ஒன்று. மூன்றையும் பிரவுசரில் திறந்து வைத்தால் கணினி நகர மறுக்கிறது. விண்டோஸோடு வந்த மெயில் ஆப்பும் போய்விட்டது. தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் மென்பொருளைப் போட்டுப் பார்த்தீர்கள். முதல் நாளே ஃபேன் அலறியது, எடுத்துவிட்டீர்கள். ‘காசும் கேட்கக் கூடாது, கனமாகவும் இருக்கக் கூடாது, எதைப் போடலாம்?’ என்கிறீர்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முதல் நாள் விஷயம்தான். உங்களை வாட்டியது மென்பொருளின் எடையா, அதன் தலையில் ஏற்றிய மெயிலின் எடையா என்று பிரித்துப் பார்க்காமல் வேறு மென்பொருளுக்குப் போனால், அங்கேயும் இதே கதை நடக்க நிறைய வாய்ப்பிருக்கிறது.

சிறிய அலுவலகங்களுக்கு மெயில் அமைத்துக் கொடுப்பதும், கெட்டுப்போனதைச் சரிசெய்வதும் பல வருடமாக என் வேலை. பழைய கணினிகளில்தான் அதிகம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஐமேப் முறையில், அதாவது கடிதங்கள் சர்வரிலேயே இருக்க அவற்றைப் பார்க்கும் முறையில், ஒரு கணக்கைச் சேர்த்த முதல் நாளில் தண்டர்பேர்ட் எப்படி ஓடுகிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கணக்கைச் சேர்த்ததும் அது முதலில் எல்லாக் கடிதங்களின் தலைப்புகளையும் சர்வரிலிருந்து இறக்குகிறது. அப்புறம், இணையம் இல்லாதபோதும் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று, கடிதங்களை இணைப்புகளோடு முழுசாக இறக்குகிறது. அதே நேரத்தில், தேடுவதற்காக ஒவ்வொரு கடிதத்தையும் படித்து ஒரு அட்டவணை போடுகிறது. ஜன்னலின் அடியில் சின்ன எழுத்தில் 38,000 கடிதங்களில் 4,000 முடிந்தது என்பதுபோல ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் யாரும் அதைக் கவனிப்பதில்லை. சுழலும் டிஸ்க் உள்ள லேப்டாப்பில் இந்த மூன்று வேலையும் ஒன்றாக நடந்தால் மவுஸ் நகர்வதுகூடத் தடுமாறும்.

ஜிமெயிலில் இது இன்னும் கொஞ்சம் கூடும். ஜிமெயிலில் உண்மையில் ஃபோல்டர்கள் கிடையாது, லேபிள்கள்தான். வெளியிலிருந்து வரும் மென்பொருளுக்கு ஒவ்வொரு லேபிளையும் ஒரு ஃபோல்டராக அது காட்டுகிறது. அதனால் ஒரே கடிதம் இன்பாக்ஸிலும் இருக்கும், எல்லா அஞ்சல்களும் என்ற பெரிய ஃபோல்டரிலும் இருக்கும், நீங்கள் லேபிள் போட்டிருந்தால் அங்கேயும் இருக்கும். போதாக்குறைக்கு, ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2,500 எம்பிக்கு மேல் இறக்க ஜிமெயில் விடுவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை நீங்கள் முக்கால்வாசி நிரப்பியிருந்தால், முதல் ஒத்திசைவு ஒரு நாளில் முடியவே முடியாது. நீங்கள் ஒரே நாளில் எடுத்துவிட்டதால், ஒருமுறை மட்டும் வரும் அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அது முடிந்த பிறகு எப்படி ஓடும் என்பதைப் பார்க்கவில்லை.

இந்தச் சுமையை முளையிலேயே வெட்டலாம். தண்டர்பேர்டில் கணக்கின் அமைப்புகளுக்குள் ஒத்திசைவு, சேமிப்பு என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே ‘இந்தக் கணக்கின் கடிதங்களை இந்தக் கணினியில் வைத்திரு’ என்ற டிக்கை எடுத்துவிட்டால், கடிதம் சர்வரிலேயே இருக்கும். நீங்கள் திறக்கும்போது மட்டும் இறங்கும். இணையம் இல்லாத நேரத்திலும் சமீபத்திய கடிதங்கள் வேண்டும் என்றால் டிக்கை விட்டுவைத்து, கடைசி 30 நாள் மட்டும் என்று சொல்லிவிடலாம். அப்புறம் பொது அமைப்புகளில், எல்லாக் கணக்குகளையும் சேர்த்துத் தேடுவதற்கான அட்டவணையை நிறுத்த ஒரு டிக் இருக்கிறது. அதை எடுத்தால் அந்தப் பெரிய தேடல் போய்விடும். ஒரு ஃபோல்டருக்குள் அனுப்புநர் பெயரையும் தலைப்பையும் வைத்துத் தேடுவது அப்படியே இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். கடைசியாக, ஜிமெயிலின் வலைப்பக்கத்தில் லேபிள்கள் என்ற பகுதிக்குப் போய், எல்லா அஞ்சல்களும் என்பதற்கு எதிரே உள்ள ‘ஐமேப்பில் காட்டு’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இவற்றைச் செய்த பிறகு தண்டர்பேர்ட் நன்றாகவே இலகுவாகிவிடும். முக்கியம்: கணக்கைச் சேர்த்த கையோடு செய்ய வேண்டும். மூன்று மணி நேரம் இறக்கவிட்டு அப்புறம் செய்தால் இறங்கியது டிஸ்கில் அப்படியே கிடக்கும்.

ரேம் எத்தனை எம்பி தின்னும் என்று உங்கள் லேப்டாப்புக்கு இங்கிருந்து ஒரு எண்ணை நான் சொன்னால் அது ஊகம்தான். கணக்குகளின் எண்ணிக்கை, ஃபோல்டரின் நீளம், திறந்திருக்கும் டேப்கள், படங்கள் நிறைந்த விளம்பரக் கடிதங்கள் என்று எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: தண்டர்பேர்டுக்குள் ஃபயர்பாக்ஸின் எஞ்சின்தான் இருக்கிறது. அதனால் அது ஒருபோதும் இறகுபோல இருக்காது. ஆனால் மூன்று கணக்குகளுக்கும் அந்த எஞ்சின் ஒன்றுதான். பிரவுசரில் மூன்று மெயில் டேப் திறந்தால், ஒவ்வொரு டேப்பும் தனித்தனியாக ஒரு முழுச் செயலியை ஓட்டுகிறது. வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

டிஸ்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய கணினிகளில் ரேமைவிட டிஸ்கால்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரின் எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பில், ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைக்கிறது. எம்பாக்ஸ் என்று இந்த முறைக்குப் பெயர். நீங்கள் ஒரு கடிதத்தை அழித்தால் அது பட்டியலிலிருந்து மறையும், கோப்பிலிருந்து மறையாது. கோப்பைச் சுருக்கும்போதுதான் இடம் திரும்பக் கிடைக்கும். வரவு செலவுக் கணக்கு எழுதும் ஒரு அலுவலகத்தில் ‘இன்பாக்ஸில் இருநூறு கடிதம்கூட இல்லை, ஆனால் திறக்க ஒரு நிமிஷம் ஆகிறது’ என்று கூப்பிட்டார்கள். போய் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் இன்பாக்ஸ் என்ற ஒற்றைக் கோப்பு 11 ஜிபி. அங்கே வேலை பார்த்த அம்மா ரொம்ப ஒழுங்கு. தினமும் படித்ததையெல்லாம் அழித்துவிடுவார். அழித்த கடிதங்கள் எல்லாம், ஸ்கேன் செய்த பில்களோடு, வருடக்கணக்காக அந்தக் கோப்புக்குள்ளேயே கிடந்திருக்கின்றன. ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து சுருக்கு என்று கொடுத்தேன். டிஸ்க் விளக்கு ரொம்ப நேரம் அணையாமல் எரிந்தது. முடிந்தபோது கோப்பு 60 எம்பிக்கும் குறைவு. மென்பொருளை மாற்ற வேண்டும் என்று புதிய ஒன்றுக்குக் காசு கட்டத் தயாராக இருந்தார்கள் அவர்கள். இப்போதைய பதிப்புகள் குறிப்பிட்ட அளவு மிச்சமாகும் என்றால் தானாகவே சுருக்கிக்கொள்ளும். ஆனாலும் மாதம் ஒருமுறை கையால் செய்வது நல்ல பழக்கம்.

ஒரே கோப்பு என்பதில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று, ஒருவரின் இன்பாக்ஸ் கோப்புக்குள் ஒரு கெட்ட இணைப்பைக் கண்டுபிடித்து, அந்த இணைப்பை மட்டும் எடுக்கத் தெரியாமல் முழுக் கோப்பையும் தூக்கித் தனிமைப்படுத்தி வைத்துவிட்டது. காலையில் வந்து பார்த்தால் இன்பாக்ஸ் காலி. அவர் ஐமேப்பில் இருந்ததால் சர்வரில் எல்லாம் இருந்தது, தப்பித்தார். அதனால் தண்டர்பேர்ட் கடிதங்களை வைக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை வைரஸ் சோதனையிலிருந்து விலக்கி வைக்கச் சொல்கிறேன். இணைப்பைத் திறக்கும்போது எப்படியும் அது சோதிக்கப்படும். இந்த விலக்கு பழைய டிஸ்கில் வேகத்துக்கும் உதவும். கடிதத்துக்கு ஒரு கோப்பு என்று வைக்கும் மெயில்டிர் முறையும் தண்டர்பேர்டில் உண்டு. ஆனால் அது இன்னும் முழுசாக முதிரவில்லை என்பதால் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு செய்தும் கனமாகவே இருக்கிறது, அல்லது உங்களிடம் இருப்பது 2 ஜிபி கணினி என்றால், நான் கைகாட்டுவது கிளாஸ் மெயில். ஜப்பானியர் ஒருவர் எழுதிய சில்ஃபீட் என்ற மென்பொருளிலிருந்து 2001-இல் கிளைத்தது. திறமூலம், இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். நிஜமாகவே இலகுவானது. பழைய கணினியிலும் கிளிக் செய்த கையோடு திறக்கும். கணினியில் வைக்கும் கடிதங்களை எம்எச் என்ற முறையில், ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வைக்கும். ஒரு கோப்பு கெட்டால் ஒரு கடிதம்தான் போகும். விதிகள் எழுதிக் கடிதங்களைப் பிரித்து அனுப்புவதில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அதன் சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். வெறும் எழுத்தாகத்தான் கடிதம் எழுத முடியும். தடித்த எழுத்து, வண்ணம், நடுவில் படம் எதுவும் கிடையாது. வலைப்பக்கம் போல வடிவமைத்து வரும் கடிதங்களை அந்த வடிவத்தில் பார்க்கத் தனியாக ஒரு செருகுநிரலை இயக்க வேண்டும். அப்போதும் எல்லாம் நேராகத் தெரியாது. சர்வர் மெதுவாகப் பதில் சொன்னால், அது வரும்வரை ஜன்னலே உறைந்து நிற்பதும் உண்டு. கடிதத்தை எழுத்தாகப் படித்து எழுத்தாகப் பதில் போடுகிறவருக்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. கம்பெனி லோகோவோடு கையெழுத்துப் பகுதி வேண்டும் என்பவருக்கு முதல் வாரமே வெறுத்துவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சில்ஃபீட் கிளாஸ் மெயிலைவிடவும் சின்னது, ஆனால் அதன் நிலையான பதிப்பு 2018-இல் நின்றுவிட்டது. மெயில் என்பது வெளியாரின் கோப்புகள் வந்து விழும் இடம், அங்கே நின்றுபோன மென்பொருளை வைக்க எனக்கு மனம் வராது. இஎம் கிளையன்ட் பார்க்க அழகானது, ஆனால் இலவசமாக 2 கணக்குகள்தான். உங்களுக்கு மூன்று இருப்பதால் அங்கேயே முடிந்தது. மெயில்ஸ்பிரிங் எலக்ட்ரான் மேல் கட்டியது, அதாவது உள்ளே ஒரு முழு குரோமியம் பிரவுசர் ஓடும். 4 ஜிபிக்கு வேண்டாம். விண்டோஸின் பழைய மெயில் ஆப்பை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தி, புதிய அவுட்லுக்கை அந்த இடத்தில் வைத்திருக்கிறது. அது இலவசம்தான். ஆனால் அதில் ஜிமெயில் போன்ற பிற கணக்கைச் சேர்த்தால் அந்தக் கடிதங்கள் மைக்ரோசாஃப்டின் சர்வருக்கும் நகலாகும். சேர்க்கும்போது அதுவே சொல்லி அனுமதி கேட்கும். சந்தா இல்லாதவர்களுக்கு இன்பாக்ஸில் விளம்பரமும் வரும். அலுவலகக் கணக்கை அதில் போடுவதற்கு முன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் பலரை வழியில் நிறுத்துவது: உள்ளே நுழையும் முறை. ஒரு காலத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் எந்த மென்பொருளும் எந்தக் கணக்கையும் திறக்கும். இப்போது அப்படி இல்லை. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு அந்தப் பழைய வழியை கூகுள் 2022 மே 30-ஆம் தேதி மூடியது. அவுட்லுக்கில் மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16-இல் மூடியது. இப்போது மென்பொருள் ஒரு உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கும்; நீங்கள் அங்கே நேரடியாக கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ கடவுச்சொல்லைக் கொடுப்பீர்கள்; அவர்கள் மென்பொருளுக்கு ஒரு அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். ஓஆத் என்பது இதுதான். தண்டர்பேர்டில் இது தானாக நடக்கும், நீங்கள் எதையும் அமைக்க வேண்டியதில்லை. கிளாஸ் மெயிலிலும் ஓஆத் உண்டு, ஆனால் அதற்கான அடையாள எண்ணை நீங்களே கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ பதிந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். புதியவருக்கு அது பெரிய தலைவலி. ஜிமெயிலுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது: கணக்கில் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, ஆப் பாஸ்வேர்ட் என்ற 16 எழுத்துக் கடவுச்சொல்லை உருவாக்கி அதைக் கொடுக்கலாம். அவுட்லுக்குக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது. உங்கள் மூன்று கணக்குகளில் ஒன்று அவுட்லுக் என்பதால், எடையில் கிளாஸ் மெயில் ஜெயித்தாலும் உங்கள் விஷயத்தில் நான் தண்டர்பேர்ட் பக்கம் சாய்வதற்கு இதுவே பெரிய காரணம்.

கணக்கைச் சேர்க்கும்போது ஐமேப் முறையா, பாப் முறையா என்று கேட்கும். ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். பாப் முறை கடிதத்தை இந்தக் கணினிக்குக் கொண்டுவந்துவிட்டு, அமைப்பைப் பொறுத்து சர்வரில் இருப்பதை அழித்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர், பாப் இலகுவானது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைப் போட்டார். இரண்டு வாரம் கழித்து ஃபோனில் பழைய கடிதங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக, கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறிப்போய்க் கூப்பிட்டார். ஹேக் எதுவும் இல்லை. சர்வரில் 14 நாள் மட்டும் வைத்திரு என்ற டிக் அவருடைய அமைப்பில் இருந்தது, அவ்வளவுதான். கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு லேப்டாப்பில், அந்த ஒரு பழைய டிஸ்கில் இருந்தன. அந்த டிஸ்க் அன்றைக்குப் போயிருந்தால் எல்லாம் போயிருக்கும். அலுவலகக் கணக்குக்குச் சர்வர் பெயரை அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். பொதுவாக வருவதற்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587 என்ற போர்ட் எண்கள் இருக்கும். வேறு எண் சொன்னார்கள் என்றால், சர்வரோடு உள்ள தொடர்பு மறையாக்கம் ஆகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். தண்டர்பேர்டின் இஎஸ்ஆர் பதிப்பை இறக்குவேன். அது வருடத்துக்கு ஒருமுறைதான் பெரிதாக மாறும், நடுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும், அடிக்கடி முகம் மாறினால் எரிச்சலாகிறவர்களுக்கு ஏற்றது. படிக்கிறவர்களில் யாராவது இன்னும் விண்டோஸ் 7, 8.1-இல் இருந்தால் 115-ஆம் பதிப்புதான் அவர்களுக்குக் கடைசி. முதலில் அலுவலகக் கணக்கை மட்டும் சேர்த்து, உடனே ஒத்திசைவை 30 நாளாக்கி, அட்டவணையை நிறுத்துவேன். அது அடங்கியதும் அவுட்லுக். அதுவும் அடங்கிய பிறகு, எல்லா அஞ்சல்களும் ஃபோல்டரை மறைத்துவிட்டு, ஜிமெயில். மூன்றையும் ஒன்றாக ஏற்றாதீர்கள், போன முறை ஃபேன் அலறியதற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். பிரவுசரில் அந்த மூன்று டேப்களையும் மூடிவிடுங்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் இவ்வளவு செய்ததற்குப் பலன் இருக்காது.

நான்கைந்து நாள் கழித்து, கணினியை அணைத்துப் போட்டு, தண்டர்பேர்டை மட்டும் திறந்து, பத்து நிமிஷம் தொடாமல் விடுங்கள். அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து தண்டர்பேர்டுக்கு எதிரே இருக்கும் ரேம் அளவையும், அதே வரிசையில் இருக்கும் டிஸ்க் அளவையும், டிஸ்க் பத்தியின் தலையில் எத்தனை சதவீதம் என்பதையும் இங்கே எழுதுங்கள். தண்டர்பேர்டின் டிஸ்க் அளவு குறைவாக இருந்தும் தலையில் 100 நின்றால் சுமை மெயிலில் இல்லை, வேறு எங்கேயோ இருக்கிறது. அதை அங்கிருந்து தேடலாம். ரேம்தான் பிரச்சினை என்றால், அவுட்லுக் கணக்கை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டு கிளாஸ் மெயிலை எப்படி அமைப்பது என்று படிப்படியாக எழுதுகிறேன்.